புது ஆள் வந்தாச்சு, இனி மாறுமா?

2008 நவம்பர் 5. இங்கே வர்ஜீனியாவில் நள்ளிரவு தாண்டியிருந்தது. சிகாகோவில் ஒபாமா வெற்றி உரை பேசி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், திருநெல்வேலியிலிருந்து அப்பாவின் போன்.

"என்னம்மா, புது ஆள் வந்தாச்சு. இனி ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டையெல்லாம் நிக்குமா?"

அப்பா தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்க அதிபர் யார் என்பது அவருக்கு வெறும் பேப்பர் செய்தி கிடையாது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க அதிபர் நிக்ஸன், எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். "ஏழாவது கடற்படை வருது" என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். ஒரே ஒரு ஆள் அங்கே உட்கார்ந்து சொன்னால் இங்கே நம் கடலுக்குக் கப்பல் வருகிறது என்பது அன்றைக்கு அவர் மனதில் பதிந்துவிட்டது. அதனால்தான் நாலு வருஷத்துக்கு ஒருமுறை அதே கேள்வி வரும்.

"நிக்கும்ப்பா, நிச்சயமா மாறும்" என்றேன். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன்.

பதவியேற்ற மூன்றாம் நாளே, 2009 ஜனவரி 22 அன்று, பயங்கரவாதச் சந்தேகக் கைதிகளைக் கியூபாவில் அமெரிக்கா அடைத்துவைத்திருக்கும் குவாண்டனாமோ சிறையை ஒரு வருஷத்துக்குள் மூடவேண்டும் என்ற ஆணையில் ஒபாமா கையெழுத்திட்டார். பின்னால் சீருடை போடாத ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் வரிசையாக நின்றார்கள். டிவியில் பார்த்துவிட்டு அப்பாவுக்கு நானே போன் போட்டேன். அன்றைக்கு அந்தச் சிறையில் 242 பேர் இருந்தார்கள்.

மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தது. சிறையை மூட ஒபாமா கேட்டது 8 கோடி டாலர். அமெரிக்கப் பாதுகாப்புச் செலவில் அது ஒரு தூசு. 90 பேர் எதிர்த்தார்கள், 6 பேர்தான் ஆதரித்தார்கள். அன்றைக்கு செனட்டில் பெரும்பான்மை ஒபாமாவின் சொந்தக் கட்சிக்கு! கைதிகளை எங்கள் மாநிலத்துக்குக் கொண்டுவந்து வைக்காதே என்ற பயம் இரு கட்சிக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்துவிட்டது. அதற்கப்புறம் கைதிகளை அமெரிக்க மண்ணுக்கு மாற்றவே ஒரு பைசா செலவிடக்கூடாது என்று பாதுகாப்புச் சட்டத்தில் வருஷா வருஷம் எழுதிவைத்தார்கள். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஒபாமாதான். ராணுவத்தின் சம்பளமும் அதே சட்டத்துக்குள் இருந்ததால் அதை மறுக்கவும் அவரால் முடியவில்லை. எட்டு வருஷம் கழித்து அவர் போகும்போது சிறையில் 41 பேர். பைடன் போகும்போது 15 பேர். சிறை இன்னும் இருக்கிறது.

நான் கணக்கு எழுதும் வேலை செய்பவள். வாஷிங்டனில் ஒரு சிறிய சங்கத்தின் அலுவலகத்தில் வரவு செலவு பார்க்கிறேன். அந்த 90க்கு 6 ஓட்டெடுப்புக்கு அப்புறம் அமெரிக்க அரசியலை நான் படிக்கும் விதமே மாறிப்போனது. அதிபர் என்ன பேசினார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கினார்கள், எந்த வரியில் "இதற்குச் செலவிடக்கூடாது" என்று போட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பேனா அதிபர் கையில், பெட்டிச் சாவி காங்கிரஸ் இடுப்பில். காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம். அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். 2012, 2016, 2020 என்று ஒவ்வொரு முறையும் இதே பதில்.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜூலையில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் அணுசக்தி ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். 2006 டிசம்பரில் அதற்காகக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டது. 2008 அக்டோபரில் செனட் 86க்கு 13 என்று ஒப்புதல் தந்தது. மூன்று வருஷ இழுபறி. ஆனால் அப்புறம் நான்கு முறை ஆள் மாறியும் அந்த ஒப்பந்தத்தை யாரும் தொடவில்லை. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்துக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்து ஒபாமா அதைத் தன் அதிகாரத்திலேயே ஏற்றார். டிரம்ப் வெளியே எடுத்தார், பைடன் வந்த முதல் நாளே மறுபடி உள்ளே கொண்டுவந்தார், 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் மறுபடி வெளியே போகக் கையெழுத்திட்டார். கியூபா கதை இதைவிட மோசம். 2025 ஜனவரி 14 அன்று பைடன் அந்த நாட்டைப் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து எடுத்தார். ஆறு நாள். டிரம்ப் பதவியேற்ற அன்றே அந்த முடிவை ரத்து செய்தார். பட்டியலில் பெயர் வருவதும் போவதும் இப்படியிருக்க, கியூபா மீதான வர்த்தகத் தடை மட்டும் அசையாமல் நிற்கிறது. 1996இல் காங்கிரஸ் அதைச் சட்டமாகக் கட்டிப்போட்டுவிட்டது. ஹவானாவுக்கு நேரில் போய் வந்த ஒபாமாவால்கூட அதை அவிழ்க்க முடியவில்லை.

சரி, படைகள் விஷயம்? அங்கே அதிபர்தான் தலைமைத் தளபதி. வா என்றால் வரவேண்டும், போ என்றால் போகவேண்டும். அரசியல் சாசனத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறையைத் தெரிந்துகொள்ள நான் அடிக்கடி நினைப்பது முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரை.

1976 தேர்தலில் அவர் கொடுத்த வாக்குறுதி, தென்கொரியாவிலிருந்து அமெரிக்கத் தரைப்படையைத் திரும்ப அழைப்பேன் என்பது. வியட்நாம் காயம் ஆறாத காலம் அது. மக்கள் ஓட்டும் போட்டார்கள். 1977 மே மாதம், கொரியாவிலேயே பணியில் இருந்த ஜெனரல் சிங்லாப், இப்படிச் செய்தால் போர் வரும் என்று பத்திரிகையிடம் சொன்னார். கார்ட்டர் அவரை வரவழைத்து வேறு இடத்துக்கு மாற்றினார். அதிகாரம் என்னிடம்தான் என்று காட்டியாகிவிட்டது. ஆனால் எதிர்ப்பு அடங்கவில்லை. சொந்தக் கட்சி செனட்டர்கள் கேள்வி கேட்டார்கள். ஜப்பான் கவலைப்பட்டது. உளவுத்துறை வடகொரியப் படையின் பலத்தை மறுபடி எண்ணி, முன்பு நினைத்ததைவிட மிக அதிகம் என்று சொன்னது. 1979 ஜூலையில் கார்ட்டர் திட்டத்தை நிறுத்திவைத்தார். திரும்பி வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். இன்றைக்கும் அங்கே சுமார் 28,500 அமெரிக்கப் படையினர் இருக்கிறார்கள்.

கார்ட்டரை யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. சுற்றியிருந்த எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள், அவ்வளவுதான். சிரியாவில் இதே இழுவை இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2018 டிசம்பரில், எல்லோரையும் திரும்ப அழைக்கிறேன் என்று டிரம்ப் அறிவித்தார். மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் மேட்டிஸ் ராஜினாமா செய்தார். பெரும்பாலானோரைத் திரும்ப அழைத்து, கொஞ்சம் பேரை மட்டும் விட்டுவைப்பது என்று முடிவானது. இரண்டு வருஷம் கழித்து, சிரியா விவகாரத்தைக் கவனித்த தூதர் ஜிம் ஜெஃப்ரி ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார்: உண்மையில் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தலைமைக்குத் தெளிவாகத் தெரியாதபடி எண்ணிக்கையில் விளையாடிக்கொண்டே இருந்தோம் என்று. அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. டிரம்ப்பின் முடிவு சரியா தவறா என்பது வேறு விஷயம். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளிடம் கணக்கை மறைப்பது கணக்கு எழுதும் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பைடன் எனக்குப் பெரிய கேள்வியாக நிற்கிறார். ஆப்கானிஸ்தானைப் பற்றி ஒபாமாவுக்கும் தயக்கம் இருந்தது, ஆனால் 2009 டிசம்பரில் 30,000 பேரைக் கூடுதலாக அனுப்பினார். வெளியேற வேண்டும் என்பதே என் முதல் எண்ணம் என்று 2017 ஆகஸ்டில் டிரம்ப் வெளிப்படையாகச் சொன்னார், ஆனால் அதே உரையில் தங்குவதாக அறிவித்தார். பிறகு 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபானோடு ஒப்பந்தம் போட்டார். பைடன் வந்தபோது 2,500 பேர் மிச்சம். அவர்களை அங்கேயே வைத்திருக்கலாம் என்பதுதான் தங்கள் கருத்தாக இருந்தது என்று தளபதிகள் மில்லியும் மெக்கென்சியும் பின்னால் செனட்டில் சாட்சி சொன்னார்கள். பைடன் கேட்கவில்லை. 2021 ஏப்ரல் 14 அன்று, 2001இல் புஷ் போரை அறிவித்த அதே வெள்ளை மாளிகை அறையில் நின்று, இதை ஐந்தாவது அதிபரின் தலையில் கட்டமாட்டேன் என்றார். அன்று மதியமே ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைக்குப் போய் மழையில் குடையோடு நின்றார்.

அப்படியானால் முடியும். எல்லோரும் எதிர்த்தாலும் ஒரு அதிபரால் முடியும். கார்ட்டர் கைவிட்டார், பைடன் விடவில்லை. சட்டத்தில் இருவருக்கும் ஒரே அதிகாரம்தான். ஆனால் அதற்காக பைடன் எல்லாவற்றையும் செலவழித்தார். காபூல் தாலிபான் கையில் விழுந்த அந்த ஆகஸ்டில் சரிந்த மக்கள் ஆதரவு அவர் போகும்வரை மறுபடி எழவே இல்லை.

விலை கொடுத்தது அவர் மட்டுமா? எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருக்கிறது சாண்டிலியின் டல்லஸ் கண்காட்சி மையம். சாதாரண நாட்களில் அங்கே வீட்டு அலங்காரக் கண்காட்சி, துப்பாக்கிக் கண்காட்சி என்று நடக்கும். 2021 ஆகஸ்ட் கடைசியில் காபூலிலிருந்து விமானத்தில் வந்தவர்களை அங்கேதான் கட்டில் போட்டுத் தங்கவைத்தார்கள். நாங்கள் நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து குழந்தைத் துணிகள், செருப்புகள், டயப்பர் என்று பெட்டி கட்டிச் சேகரிப்பு இடத்தில் கொடுத்தோம். அந்த வெயிலிலும் சாலையோரம் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு பஸ்ஸின் ஜன்னலில் ஒரு சின்னப் பையன் கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அவன் அப்பா மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான் அவர்கள் சாமான்.

அடுத்த வருஷம் எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டுக்கு ஒரு ஆப்கான் குடும்பம் வந்தது. காந்தஹாரில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எங்கள் பெண்ணும் அவர் பெண்ணும் ஒரே ஸ்கூல் பஸ். என் அரைகுறை இந்தியும் அவருடைய உருதுவும் எப்படியோ ஒத்துப்போகும். என்னை "சிஸ்டர்" என்பார்.

ஒருநாள் அவர் ஒரு நீலக் கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே ஏழு கடிதங்கள். எல்லாம் அவரோடு வேலை செய்த அமெரிக்க அதிகாரிகள் எழுதியது. இவர் எங்கள் உயிரைக் காப்பாற்றியவர், இவரை அமெரிக்கா மறக்காது என்ற ரீதியில் இருக்கும். அமெரிக்கப் படையோடு வேலை செய்த ஆப்கான்காரர்களுக்கான சிறப்பு விசாவுக்கு இந்தக் கடிதங்கள்தான் உயிர்நாடி. மேலதிகாரி பெயர், எத்தனை மாதம் வேலை, என்ன வேலை, எல்லாம் இருக்கவேண்டும். நான் பழக்கதோஷத்தில் தேதிகளைப் பார்த்தேன். முதல் கடிதம் 2007, புஷ் காலம். மூன்று கடிதங்கள் ஒபாமா காலம். இரண்டு டிரம்ப் காலம். கடைசி 2021, பைடன். நான்கு அதிபர்கள். ஒரு கடிதத்திலும் அதிபர் பெயர் இல்லை. "அமெரிக்கா" என்றுதான் எழுதியிருந்தது.

அந்தக் கோப்பைப் பார்த்ததிலிருந்து என் யோசனை வேறு பக்கம் போய்விட்டது. நாம் இங்கே உட்கார்ந்து புது அதிபர் மாற்றுவாரா என்று பேசுகிறோம். அவர் பதினான்கு வருஷம் அமெரிக்கா என்ற ஒரே ஆளிடம் வேலை செய்ததாக நினைத்திருக்கிறார். அவர் நம்பிய வாக்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை கைமாறும் வாக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. படைகளைத் திரும்ப அழைத்த முடிவு சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். இருபது வருஷத்தில் முடியாதது இருபத்தோராவது வருஷத்திலும் முடிந்திருக்காது. ஆனால் ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டு இந்தக் கோப்புக்காரர்களை ஆகஸ்ட் வரை வரிசையில் நிற்கவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி 2025. நான் பதினைந்து வருஷமாக அப்பாவிடம் சொல்லிவந்த பதில் பாதியில் முறிந்தது அந்த வருஷத்தில்தான்.

என் அலுவலகத்துக்கு சில்வர் லைன் ரயிலில் போய் ஃபெடரல் டிரையாங்கிள் ஸ்டேஷனில் இறங்குவேன். ஸ்டேஷனை ஒட்டியே ரொனால்ட் ரீகன் கட்டடம். யூஎஸ்எய்ட் என்ற வெளிநாட்டு உதவி நிறுவனம் அங்கேதான் இருந்தது. 1961இல் கென்னடி தொடங்கியது, 1998இல் காங்கிரஸ் சட்டத்திலும் ஏறியது. நான் சொல்லும் இரண்டும் அதற்கு இருந்தன: சட்டமும் இருந்தது, ஒதுக்கிய பணமும் இருந்தது. ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்திவைக்கும் டிரம்ப்பின் ஆணை வந்தது. பிப்ரவரியில் கட்டடத்தின் பெயர்ப்பலகையை மறைத்தார்கள். பிப்ரவரி கடைசியில், ஊழியர்கள் தங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளப் பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள், அறுபது வயது இருக்கும், அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்கு மேலே ஒரு மரத்தாலான ஒட்டகச்சிவிங்கி தலை நீட்டிக்கொண்டிருந்தது. கைதட்டல் கேட்டதும் அவர் நின்று, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் கைதட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் மாதத்தில் வெளியுறவு அமைச்சர் ரூபியோ, திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார். ஜூலை 1 அன்று அந்த நிறுவனம் முடிந்துபோனது. காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தில் 400 கோடி டாலரை அரசு செலவிடாமல் நிறுத்திவைக்க செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. பெட்டிச் சாவி காங்கிரஸிடம்தான் இருக்கிறது. ஆனால் எடுத்து வைத்த பணத்தைக் கொடுக்காமல் உட்கார்ந்திருக்க ஒருவர் துணிந்தால் சாவி வைத்திருப்பவர்கள் கேட்கவேண்டுமே? அவர்கள் கேட்கவில்லை. இதே ரூபியோ செனட்டராக இருந்தபோதுதான், எந்த அதிபரும் தன் இஷ்டத்துக்கு நேட்டோ ராணுவக் கூட்டணியிலிருந்து வெளியேறக்கூடாது என்ற சட்டத்தை இன்னொரு கட்சி செனட்டரோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2023இல் அது நிறைவேறியது. அந்தச் சட்டம் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தால் தாங்கும் என்று உடனே சொல்லியிருப்பேன்.

ஆக, அப்பாவுக்கு இப்போது நான் சொல்வது இதுதான்: நிறுத்துவது, உடைப்பது, வெளியேறுவது, இதெல்லாம் ஒரு அதிபரால் முடியும்ப்பா, அதுவும் வேகமாக முடியும். புதிதாக ஒன்றைக் கட்டி அது தனக்குப் பின்னாலும் நிற்கும்படி செய்வதுதான் ஒரு ஆளால் முடியாது. அதற்கு 86க்கு 13 போல ஒரு கூட்டம் வேண்டும், மூன்று வருஷப் பொறுமை வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கப்பல் அனுப்புறதும் லேசுதான் போல" என்றார்.

எதிர் வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி. அவரும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்தான். 2025இல் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இஸ்லாமாபாத்தில் காத்திருந்தார். அந்தச் சிறப்பு விசாவைத் தருவது காங்கிரஸ் போட்ட சட்டம், அது அப்போதும் இருந்தது. ஜூன் மாதம் ஆப்கான்காரர்களுக்குத் தடை வந்தபோதும் இந்த விசாவுக்கு விலக்கு இருந்தது. ஆனால் விசா கிடைத்தவர்களை அரசு செலவில் ஏற்றிவந்த விமானங்கள் ஜனவரி ஆணைகளோடு நின்றுபோயின. பாகிஸ்தானோ ஆப்கான்காரர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டம் இருந்தது, விமானம் இல்லை.

அந்த நாட்களில் ஒரு இரவு எதிர் வீட்டுக்காரர் வந்தார். தம்பியின் கோப்பு, தன் கோப்பு இரண்டையும் செனட்டர் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும், ஸ்கேன் செய்து தர முடியுமா என்று கேட்டார். சாப்பாட்டு மேஜையில் ஸ்கேனரை வைத்து உட்கார்ந்தோம். பிள்ளைகள் சோபாவிலேயே தூங்கிவிட்டார்கள். 2011 கடிதம் ஒன்று நோட்டுப் புத்தகத்தில் இருந்து கிழித்த தாளில் பேனாவால் எழுதியது. மை மங்கியிருந்தது. அடர்த்தியை ஏற்றி மூன்று முறை எடுத்த பிறகுதான் கையெழுத்து தெரிந்தது.

"அடுத்த தேர்தலில் வேறு ஆள் வந்தால் மாறுமா, சிஸ்டர்?" என்று கேட்டார்.

விமானங்களை மறுபடி விடுவது ஒரு கையெழுத்தில் முடியும் என்றேன். அதுவரை தம்பி அங்கே இருக்கவேண்டுமே என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

முடித்துவிட்டுக் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன். அவர் அந்தக் கிழித்த தாளை மட்டும் உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். எழுதியவர் அப்போது ஒரு சார்ஜென்ட், இப்போது ஒஹையோவில் லாரி ஓட்டுகிறாராம். தம்பிக்காகப் பதினோரு முறை செனட்டர் அலுவலகத்துக்கு அவரே போன் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவரையும் கூப்பிட்டுப் பேசுகிறாராம்.